மாப்பிள்ளைக்கு ஒரு மைதானம்

“மாமா, பந்தைத் தொடாதையுங்கோ! விழுந்த இடத்திலையே கிடந்துதான் அடி வாங்கவேணும். அதுதான் சட்டம்.”

குனிந்த வீரகத்தி கையை இழுத்துக்கொண்டார். பந்து மாட்டுச் சாணியில் குந்தியிருந்தது.

“ஸ்கொட்லாந்திலையும் சாணிதானோ, தம்பி?”

“அங்கை ஆட்டுப் புழுக்கை,” என்றான் தவராசா, பெருமையாக.

நெளுக்குளத்து மாப்பிள்ளை. ஸ்கொட்லாந்தில் படித்துவிட்டு, கையில் ஒரு கொல்ஃப் மட்டையோடு கலியாணத்துக்கு வந்திறங்கியிருந்தான். அங்கே கடற்கரையோரம், நானூறு வருடப் பழைய மைதானத்தில் தானும் ஒருநாள் விளையாடியதை முல்லைத்தீவில் அவன் சொல்லாத ஆளில்லை. அதேபோல இங்கேயும் ஒன்று அமைக்க வீரகத்தியின் கடற்கரைத் தென்னந்தோட்டத்தைச் சீதனமாகக் கேட்டிருந்தான். மரங்களைத் தறித்துப் புல் வளர்க்க வேண்டுமாம்.

மகள் விமலேஸ்வரிக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. வீரகத்திக்குத் தென்னைகளைப் பிடித்திருந்தது. அதனால்தான் இன்று அவனை இந்தப் பக்கம் கூட்டிவந்திருந்தார்.

“ஏன் மரத்தைத் தறிக்கவேணும்? இந்த இடத்தைப் பாருங்கோ, தம்பி.”

தவராசா பார்த்தான். கடல், மணல், மாடு மேய்ந்த குட்டைப் புல், சின்னச் சின்ன மேடுகள்.

“அச்சொட்டா அதே இடம், மாமா! ஆனால் அதுக்கொரு சரித்திரம் இருக்கு.”

“இதுக்கும் இருக்கு. என்ரை பூட்டன்கூட இஞ்சைதான்.”

“அங்கை மெம்பராகிறது லேசில்லை.”

“இஞ்சை ஆரையும் மறிக்கிறேல்லை. ஊர்ப் பொதுக்காணி. சேர்ந்தவை ஒருத்தரும் விலகினதுமில்லை.”

தவராசா, தெருவில் நின்ற காருக்குள் இருந்த தாய் வடிவம்மாவுக்குக் கேட்கக் கத்தினான்: “அம்மா, தென்னந்தோட்டம் வேண்டாம்! எனக்கு இந்த இடமே காணும்!”

“உன்ரை விருப்பம், ராசா!”

வீரகத்திக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தவராசா ஓங்கி அடித்தான். சாணி அவனுடைய வெள்ளைக் காற்சட்டையில் தெறித்தது. பந்து உருண்டுபோய் ஒரு மணற்குழிக்குள் விழுந்தது. நீள்சதுரமாக, நெஞ்சளவு ஆழத்தில், புதிதாக வெட்டிய குழி.

“பாத்தியளே! அங்கையும் இப்பிடித்தான், மணலிலை குழி வைச்சிருப்பினம். உள்ளுக்கை இறங்கித்தான் அடிக்கவேணும்.”

குதித்தான். அடித்தான். மணல்தான் மேலே பறந்தது, பந்து அசையவில்லை. குழிக்குள் அலைச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

வீரகத்தி எட்டிப் பார்த்தார்.

“தம்பி, ஒரு சந்தேகம். நாங்கள் மினக்கெடேக்கை பின்னாலை வேறை கூட்டம் வந்து நிண்டால், அங்கை என்ன செய்யிறவை?”

“உடனை வழி விடவேணும், மாமா. அதுதான் மரியாதை.”

“அப்ப ஏறுங்கோ. வந்திட்டினம்.”

தவராசா நிமிர்ந்தான். குழியின் விளிம்பில் நாலு பேர், பாடையைத் தோளில் சுமந்தபடி, மரியாதையாகக் காத்து நின்றார்கள்.