மோகனூர் கணக்கு

“அம்மிணி, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. ஊட்டுக்காரி வெளியதான் உக்காந்திருக்கறா.”

ஆடிட்டர் மதுமதி குரலைத் தாழ்த்தினாள். “சரிங்கய்யா. மோகனூர் பேங்க்ல கணக்கு இருக்கறதை ஏன் எங்கிட்டச் சொல்லவே இல்லை?”

“பொண்டாட்டிகிட்டயே சொல்லலைங்க” என்றார் அர்த்தநாரி.

ரகசியம் காப்பதில் அவரை மிஞ்ச நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. சொந்தக்காரர் கண்ணில் படக்கூடாதென்று மோகனூரில் போய்க் கணக்குத் திறந்தவர். மெசேஜ் வந்தால் சத்தம் கேட்குமென்று போன் நம்பரே கொடுக்காதவர். பாஸ்புக்கைக் கோழிப்பண்ணையில் தீவன மூட்டைக்கு அடியில் ஒளித்து, வருடக்கணக்காக வரவு பதியாமலே வைத்திருந்தார். பண்ணையின் எட்டாயிரம் கோழிகளில் ஒன்றுகூட இன்றுவரை வாய் திறந்ததில்லை.

“யாருக்குத் தெரியாட்டியும் வருமான வரிக்குத் தெரியுமுங்க. உங்க பான் நம்பருக்கு எந்த பேங்க் வட்டி குடுத்தாலும் அவங்களுக்குத் தகவல் போயிரும். அதைக் காட்டலைன்னா ஊட்டுக்கே நோட்டீஸ் வரும்.”

“ஐயோ, தபால் வாங்கறதே அவதானுங்க! தெரிஞ்சா அத்தனையும் அவ தம்பியோட போர் போடற ரிக் வண்டிக்குப் போயிரும். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா, அவ யாருகிட்டயும் கை நீட்டக்கூடாதுன்னு சேத்து வெச்சதுங்க அம்மிணி.”

பிரித்துக்கூடப் பார்க்காமல் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்த பேங்க் ஸ்டேட்மென்ட்டை நீட்டினார். மதுமதி புரட்டிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் சேத்திருக்கீங்க. அமாவாசைக்கு அமாவாசை தவறாம பணம் கட்டியிருக்கீங்களே!”

“நானா? கோழி எரு வித்தா எப்பவாச்சும் போடுவேன். அவ்வளவுதானுங்க.”

“இல்லீங்கய்யா, பாதிக்கு மேல அமாவாசைப் பணம்தான்.”

அர்த்தநாரி ஸ்டேட்மென்ட்டைப் பிடுங்கிப் பார்த்தார். “எவனோ கள்ளப்பணத்தைக் கொண்டாந்து எங்கணக்குல கொட்டறானுங்க!” மெதுவாகப் பேசவேண்டும் என்பதையே மறந்து எழுந்தார். “இப்பவே போலீசுக்குப் போறேன்!”

கதவு திறந்தது. சேலையில் ஒட்டியிருந்த தீவனத் தூசியைத் தட்டியபடி பொன்னாயி உள்ளே வந்தாள்.

“போலீசெல்லாம் வேண்டாமுங்க. தீவன மூட்டைக்கு அடியில கெடந்த பாஸ்புக்கைப் பாத்து, அமாவாசைக்கு மோகனூர் கோயிலுக்குப் போறப்ப நான் போட்ட பால் காசுதான்” என்றாள். “உங்க கண்ணுல பட்டா உங்க தங்கச்சி ஊட்டுக்குப் போயிருமேன்னு, நீங்க வரவே பதியாத கணக்காப் பாத்துப் போட்டனுங்க.”