கழற்றாத கடிகாரம்

“கழட்டிப் போடச் சொன்னீங்க டாக்டர், நான்தான் கேக்கல. பொண்டாட்டி பேச்சையே கேக்காதவன், உங்க பேச்சையா கேக்கப் போறேன்?” என்கிறார் பால்பண்ணைக்காரர் டெஸ். டாக்டர் மெரியானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. டாரனாக்கி மலையின் பனியில் பட்ட வெயில் சன்னல் வழியே வந்து, மேசைமேல் கிடக்கும் இரண்டு தாள்களில் விழுகிறது. ஒன்று டெஸ்ஸின் கைக்கடிகாரம் மூன்று வாரமாகக் குறித்துவைத்த நாடித்துடிப்பு. மற்றது இப்போதுதான் எடுத்த ஈசிஜி. இரண்டிலும் அதே தடுமாற்றம். போன மாதம் கடிகாரம் காட்டிய எண்களைப் பார்க்காமலே, “அது பொம்மை, வீண் பயம்” என்று அனுப்பிவைத்தவள் அவள்தான்.

“என் மாடுங்க கழுத்துலயும் அசைபோடுறதை எண்ணுற பட்டை இருக்கு. நோவு வர்றதுக்கு முந்தியே அது சொல்லிடும். அதை நம்புறவன் இதை நம்ப மாட்டேனா?” என்று சட்டைக்கையை இறக்குகிறார். கடிகாரப் பட்டையின் ஓரத்தில் சாணம் காய்ந்திருக்கிறது. இந்தத் தடுமாற்றத்தால் பக்கவாதம் வருவதற்குள் மாத்திரையைத் தொடங்கிவிடலாம். மருந்துச்சீட்டு எழுதிய பேனாவை அவள் மூடிவைக்கிறாள். பிறகு அவருடைய மணிக்கட்டை, கடிகாரத்தோடு சேர்த்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்கிறாள்.

“ரொம்ப நன்றி டெஸ். இனிமே நானே சொன்னாலும் இதைக் கழட்டாதீங்க, சரியா?”