மூன்று விரல் அகல டயர்

ஷெர்மத் சைக்கிளிலிருந்து இறங்குகிறான், முகமெல்லாம் சிரிப்பு. ஒரு விரல் அகல டயரைக் கழற்றிவிட்டு மூன்று விரல் அகலத்தில் மாட்டியிருக்கிறான். மேய்ச்சல் மேட்டிலிருந்து நாரின் ஊர் வரைக்கும் கல் ரோடுதான், ஆனாலும் இடுப்பு ஒரு தடவைகூட முனகவில்லை. "மெத்தைல உக்காந்து வந்த மாதிரி இருக்கு பூசாய்ரா." மனைவி கேரியரில் கட்டியிருந்த தோல்பையை அவிழ்த்துக் கிண்ணத்தில் சாய்க்கிறாள். குதிரைப்பாலைப் புளிக்கவைத்துக் கடைந்த குமிஸ் நுரை பொங்கி விழவேண்டிய இடத்தில், கடையாத வெறும் புளித்த பால் நுரையே இல்லாமல் வழிகிறது. வீட்டுக்குள் சம்பந்திகள் காலிக் கிண்ணங்களோடு காத்திருக்கிறார்கள். "இத்தன நாளா இதக் கடைஞ்சது யாருன்னு நெனச்சீங்க?" "நீதான?" "ரோடுங்க. அதத்தான் மெத்தையாக்கிட்டு வந்து நிக்கிறீங்க." கடைகோலை அவன் கையில் திணிக்கிறாள். குனிந்து கடைகிறான். நுரைக்கு முன்னால் இடுப்பு முனகுகிறது.