வசனம் மாற்றும் டைரக்டர்

"கட்! சாரி, வசனத்தை மாத்தறேன்."

டைரக்டர் இப்படிச் சொன்னதும் கேமராவுக்குப் பின்னால் லென்ஸ் பல்லைக் கடித்தான்.

லென்ஸ் என்பது சினிமாக் கல்லூரியில் கூடப் படித்த டைரக்டர் அவனுக்கு வைத்த பட்டப்பெயர். அவளுடைய முதல் படத்திலிருந்து அவன்தான் கேமராமேன். கதை, வசனம், டைரக்‌ஷன் எல்லாம் அவள். பெரிய ஹீரோ கிடையாது, பாட்டு கிடையாது. ஆனாலும் வெளிநாட்டு விழாக்களில் எழுந்து நின்று கை தட்டினார்கள். எழுதிய வசனத்தில் ஒரு கால்புள்ளியைக்கூட யாரையும் தொட விடமாட்டாள் என்று பெயர்.

அவளா இவள்? இந்தப் படத்தில் ஷாட்டுக்கு ஷாட் மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

வாடகைக்கு எடுத்த அடுக்குமாடி வீட்டின் வாசலில், கையில் பெட்டியோடு நின்றிருந்த பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் பிறப்பதற்கு முன்பே நடிக்க வந்தவர். மகன் வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பும் அப்பா வேஷம்.

"ஏம்மா, நாலு வரியை உருப்படியா எழுதிட்டு வரத் தெரியாதா? நான் எத்தனை டைரக்டரைப் பாத்தவன்! சரியா மூடு வர்ற நேரத்துல கட் சொல்றியே!"

"என் தப்புதான் சார், மன்னிச்சுக்குங்க. எழுதும்போது நல்லாருந்தது. நீங்க பேசிக் கேட்டா வளவளன்னு இருக்கு. 'உன் வீடு நல்லாருக்கு.' அவ்வளவுதான், அதோட கிளம்பிடுங்க."

"இதை நேத்தே யோசிச்சிருக்கலாம்."

"யோசிச்சிருக்கணும் சார்."

லைட் ஆட்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். விருது வாங்கினதும் மெத்தனம் வந்துடுச்சு என்று யூனிட் முழுக்கப் பேச்சு. அது புரொடியூசர் காதுக்கும் போயிருந்தது. மாப்பிள்ளையைப் பிடிக்காத பெண் வீட்டுக்காரர் மாதிரி அவர் மூலையில் உட்கார்ந்திருந்தார்.

மறுபடி எடுத்தார்கள். ஒரே டேக்கில் ஓகே.

சாப்பாட்டு நேரத்தில் லென்ஸ் அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"இந்த ஷெட்யூலோட நான் விலகிக்கறேன்."

"ஏன்?"

"ஏனா? அரைப்பக்கம் எழுதிட்டு வர்றே, எடுக்கறது அரை வரி. நான் லைட் வச்சு, ஃபோகஸ் பாத்து, எல்லாம் கூடி வர்ற நேரத்துல கத்தறே. பெரியவர் பாவம், நொந்து போறார். புரொடியூசர் என்கிட்டயே கேட்டுட்டார், வேற ஆளை வச்சு முடிச்சுடலாமான்னு."

"யாருக்குப் பதிலா?"

"உனக்குப் பதிலாத்தான்!"

"அப்பாடா" என்றாள் அவள்.

லென்ஸுக்குச் சுருக்கென்றது. "உனக்குத் தலைக்கனம்."

"இருந்துட்டுப் போகட்டும். கழுத்து தாங்கும்."

சிரித்துக்கொண்டே போய் மாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரலைத் தழைத்துக்கொண்டாள்.

"பெரியவருக்கு வசனம் மனசுல நிக்க மாட்டேங்குது, லென்ஸ். முதல் வரி வருது, அப்புறம் மறந்து போயிடுது. முதல் நாளே எனக்குச் சந்தேகம். அவர் பொண்ணுகிட்டக் கேட்டேன், அழுதுட்டா. இனிமே கூடத்தான் செய்யும்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

லென்ஸ் விழித்தான். "அவருக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? நமக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னுதான் அத்தனை கோபம். தெரிஞ்சுடுச்சுன்னு வை, நாளைக்கு வரமாட்டார். புரொடியூசரும் அவரை நடிக்க விடமாட்டார்."

"அதுக்காகப் படத்தைக் கெடுத்துக்குவியா?"

"யார் கெடுத்தா? இப்ப எடுத்தோமே, நீயே சொல்லு. பெட்டியைத் தூக்கிட்டு, வீட்டை ஒரு சுத்து பாத்துட்டு, 'உன் வீடு நல்லாருக்கு'ன்னார். நான் எழுதின அரைப்பக்கம் அதுக்குக் கிட்ட வருமா?"

வராது. கேமரா வ்யூஃபைண்டரில் அந்த முகத்தைப் பார்த்தவன் அவன்தானே.

"அவர் மறந்து நிக்கற இடத்துல என் வசனம் முடியுது. எழுதத் தெரிஞ்சவ இதைக்கூடச் செய்ய மாட்டேனா?"

"யூனிட்டே உன்னைத் திட்டுதே!"

"என்னைத்தானே?"

லென்ஸ் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"நாள் பூரா அவரை க்ளோசப்ல பாக்கறவன் நான். அவர் ஒரு தடவைகூடத் தடுமாறி நான் பாக்கலையே!"

அவள் முகம், விருது மேடையில்கூட அவன் பார்த்திராத மாதிரி மலர்ந்தது.

"அப்போ, சரியான நேரத்துலதான் கட் சொல்லியிருக்கேன்."