முள்பாய் தொடாத இடம்

தாகே இருந்தவரை, காப்பி குடித்த கையோடு மனைவி பார்ப்ரோவின் இடது தோள்பட்டைக்குக் கீழே வலிக்கும் இடத்தை அழுத்திவிடுவார். மரம் அறுக்கும் ஆலையில் சுண்டுவிரலைப் பறிகொடுத்த கை அது. நவம்பரில் அவர் இறந்தார். ஜனவரியில் அவள், ஊரில் எல்லாரையும் போல, முதுகுவலிக்கு ஒரு முள்பாய் வாங்கினாள். தினமும் மத்தியானம் வெற்று முதுகோடு அந்த பிளாஸ்டிக் முட்கள்மேல் இருபது நிமிஷம் படுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏலக்காய் ரொட்டியோடு வந்த தங்கை குன்வோர் அவள் முதுகைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏமாந்துட்டியே அக்கா. நடுவுல முள்ளே இல்லாத பாயை உன் தலையில கட்டிட்டான்."

போனில் படம் எடுத்துக் காட்டினாள். முதுகு முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். தோள்பட்டைக்குக் கீழே மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு, நான்கு விரல்களோடு, வெள்ளைத் தோல்.

பாயைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு முள்கூடக் குறையவில்லை. பார்ப்ரோ பாயின் தலைமாட்டைக் கால்மாட்டாக்கிப் படுத்தாள். கை அதே இடத்தில்தான் இருந்தது.

"தூக்கிக் கடாசு அதை," என்றாள் குன்வோர். இப்போது அவள் சிரிக்கவில்லை.

பார்ப்ரோ கடாசவில்லை. அந்த இடத்தில் வலியும் அப்படியே இருந்தது. அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

மார்ச்சில், பனி உருகத் தொடங்கிய வாரம், குன்வோர் மறுபடி பார்த்தாள்.

"நல்லாயிடுச்சு அக்கா! முதுகு பூரா ஒரே சிவப்பு. ஒரு இடம் பாக்கியில்ல. வலி எப்படி இருக்கு?"

"வலிக்கல," என்றாள் பார்ப்ரோ. சட்டையைப் போடாமல் மறுபடி பாயில் படுத்தாள்.

காப்பி ஆறியது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

"போதும், எழுந்திரு அக்கா."

"இரு. அவர் இன்னும் கையை வைக்கல."