பையில் இறங்கிய பித்தம்

என் ஈரலில் பாதியை வெட்டி என் மனைவி அமலிக்கு வைத்திருந்தார்கள். அது சுரந்த பித்தம், அவள் விலாவில் செருகிய குழாய் வழியே ஒரு பையில் சொட்டியது. காய்ச்சலுக்கு ஊசி போடத் தொடங்கியதும் சொட்டுவது நின்றது. அவள் கண்கள் மஞ்சளாயின.

"உங்க ஈரலும் உங்கள மாதிரியே சோம்பேறிதான்," என்றாள்.

"அந்த ஊசிதான் பித்தத்த வெளிய விடல," என்றார் டாக்டர். "நிறுத்தினா பித்தம் வரும். ஆனா கிருமி அடங்காது."

ஈரலைக் காப்பாற்ற ஊசியை நிறுத்தினார்கள். மறுநாள் பைக்குள் பொன்னிறமாக இறங்கியது. அவளிடம் தூக்கிக் காட்டினேன். காய்ச்சலில் அவளுக்கு என்னையே தெரியவில்லை.

அன்று மாலை அவள் இறந்தாள். நர்ஸ் குழாயைக் கழற்றினார்.

"பையக் கொட்டிரட்டுமா சார்?"

இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். பித்தம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.