வாயை அடைத்த கம்பளி

"இன்னுமா அடைக்கல? உன் பல்லு அடிச்சுக்கிற சத்தம் எனக்குக் கேக்குது," என்றாள் ஹெட்டி.

"எனக்கு ஏது பல்லு? அது டீ கப் ஆடுற சத்தம்," என்றார் சேத்.

யார்க்ஷயர் மலைச்சரிவில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய கல்வீடுகளில் சேத்தின் வீடும் ஒன்று. ஜனவரிக் காற்றுக்கு அந்த வீட்டுப் புகைபோக்கி மாமியார் வீடு மாதிரி. கேட்காமல் கொள்ளாமல் கூரையில் நுழைந்து, நெருப்பில்லாத கணப்பு வழியாக இறங்கி, நேரே சேத்தின் முழங்காலில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"மத்தியானம் லின் வர்றா. போன தடவையே சொல்லிட்டா. வீடு இப்படியே ஐஸ்பெட்டியா கிடந்தா என்னை வண்டியில தூக்கிப் போட்டு லீட்ஸுக்குக் கொண்டுபோயிடுவாளாம்."

"மக வீடுதானே. சொகுசா இருப்பே."

"அங்க ஜன்னலே திறக்காது. மாப்பிள்ளை காலையில பச்சையா எதையோ அரைச்சுக் குடிக்கிறான். அவனை எப்படி நம்புறது?"

ஹெட்டி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"நீ போயிட்டா நான் யாரைத் திட்டுறது, கண்ணு?"

சேத் மூக்கைச் சிந்தினார்.

"அந்த இரும்பு மூடி என்ன ஆச்சு? இழுத்தா புகைவழி மூடிக்குமே," என்றாள் ஹெட்டி.

"துருப்பிடிச்சுப் போச்சு. இழுத்தேன். பிடி மட்டும் கையோட வந்துடுச்சு."

"லின் ஒரு பலூன் அனுப்பினாளே, உள்ள சொருகி ஊதுறது?"

"காத்தை மறிக்கக் காத்தையே காசு குடுத்து வாங்கணுமா? அதைக் கண்டுபிடிச்சவன் வீட்ல புகைபோக்கியே இருக்காது. நான் ஒரு சாக்கு நிறைய ஆட்டுக் கம்பளி வச்சிருக்கேன். ஆடு கொட்டுற மழையில நின்னாலும் நடுங்குதா பார்."

"ஆடு புகைபோக்கிக்குள்ள நின்னு நீ பார்த்திருக்கியா?"

"வாயை மூடு ஹெட்டி."

"அடைச்சதை மறந்துட்டு நெருப்பு மூட்டிடாதே. தெரு பூரா ஆட்டு வறுவல் நாத்தம் அடிக்கும்."

"கயிறு கட்டித் தொங்க விடப்போறேன். பார்த்தா ஞாபகம் வரும். அதை விடு, லின் இருக்கிறவரைக்கும் நீ மூச்சு விடக் கூடாது. சத்தம் கேட்டா என் மானம் போயிடும்."

"எனக்கு மட்டும் மானம் இல்லையாக்கும்?"

சேத் முனகிக்கொண்டே மண்டி போட்டார். சாக்கைச் சுருட்டிக் கணப்பின் தொண்டைக்குள் திணித்து, துடைப்பக் கட்டையால் குத்தினார். மூக்கிலும் காதிலும் கரி கொட்டியது.

"ஓரத்துல சந்து விடாதே. இடது பக்கம் அழுத்து. உனக்கு இடது எது வலது எதுன்னு எப்பத்தான்..."

சாக்கு இறுகி உட்கார்ந்தது. ஹெட்டியின் வாயும் மூடியது. அவள் வாயை இவ்வளவு சுலபமாக மூடியவர் அந்தத் தெருவில் யாரும் கிடையாது.

மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கணப்பின் முன் பிடித்தார். சுடர் ஆடவே இல்லை. அறை மூலையில் இருந்த மின்சார ஹீட்டர், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, தன் வேலையைச் செய்ய ஆரம்பித்தது.

லின் வந்தாள். வந்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அந்த வீட்டில் கோட்டைக் கழற்றுவது சேத்துக்கு மெடல் குத்துவது மாதிரி.

"அட, குளிரே இல்லையே. பலூன் வேலை செய்யுதா?"

"ஆடு வேலை செய்யுது."

லின் குனிந்து, தொங்கும் கயிற்றைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். "சரிப்பா, ஜெயிச்சுட்டீங்க. குளிர் விஷயம் முடிஞ்சுது."

முழங்கால் ஒத்துழைத்திருந்தால் சேத் எழுந்து ஆடியிருப்பார். ஆட முடியாததால் இன்னொரு கப் டீ ஊற்றி, அதில் தாராளமாகச் சர்க்கரையைக் கொட்டினார்.

"குடிச்சுட்டுப் பெட்டியைக் கட்டுங்க," என்றாள் லின்.

"எதுக்கு? இப்பத்தானே முடிஞ்சுதுன்னே?"

"குளிர்தான் முடிஞ்சுது. அம்மா போனதுலேர்ந்து இந்த வீட்ல பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இல்லாம சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கீங்க. மிச்சம் இருந்தது பக்கத்து வீட்டு ஹெட்டி ஆன்ட்டி ஒருத்திதான். யாரு வெங்காயம் பெரிசுன்னு போட்டியில சண்டை போட்டு, செத்தாலும் உன் வாசல்ல கால் வைக்க மாட்டேன்னு பப்ல எல்லார் முன்னாடியும் ரெண்டு பேரும் சத்தியம் பண்ணிக்கிட்டீங்க. உங்களை எந்த நம்பிக்கையில நான் விட்டுட்டுப் போறது?"

சேத் டீயைக் கலக்கினார். பப்பில் செய்த சத்தியத்தைப் பெற்ற மகளிடம்கூட விட்டுக்கொடுக்க முடியாது.

கணப்பின் பின்சுவரில் டொக் டொக் என்று சத்தம் கேட்டது.

"என்னப்பா அது?"

"காக்கா. கூடு கட்டுது."

"ஜனவரியிலயா?"

டொக் டொக் என்பது இப்போது மேலே ஏறி, சரக் சரக் என்று குத்துகிற சத்தமானது. அடுத்த நொடி கம்பளிச் சாக்கு கரிமூட்டமாக லின்னின் காலடியில் வந்து விழுந்தது. பக்கத்து வீட்டுப் புகைவழிக்கும் இதற்கும் நடுவே செங்கல் உதிர்ந்திருந்த ஓட்டையில் கணப்பைக் கிளறுகிற இரும்புக் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே குரலும் வந்தது.

"அவ போயிட்டாளா கண்ணு? இவ்வளவு நேரம் பேசாம இருந்து என் நாக்கே ஒட்டிக்கிச்சு. சத்தியமாவது வெங்காயமாவது, நீ அந்தச் சாக்கைத் திரும்பச் சொருகு, நான் வாசல் வழியாவே வந்துடுறேன்."